வெள்ளீயத்தில் ஒரு மெல்லோசை



விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பயின்ற நாட்களில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. சூளையிலிருந்து வந்த இன்சுலேட்டரை மெல்லத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் நல்லது. மழுங்கி ஒலித்தால் உள்ளே விரிசல். ஒரு நாள், மண்ணரைக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் தட்டிப் பார்த்து, நல்லதென்று ஒதுக்கியதை முதிய தொழிலாளி ஒருவர் தனியே எடுத்து வைத்தார். உணவு வேளையில் எந்திரம் நின்றதும் மீண்டும் தட்டினார். ஓசை மழுங்கியிருந்தது. "தம்பி, இது மின்கம்பத்தில் ஏறியிருந்தால் மழைநாளில் யார் உயிருக்கு ஆபத்தோ! இரைச்சலில் நின்று கேட்டால் இரைச்சல்தான் கேட்கும்" என்றார்.

அணுவின் ஓசையைக் கேட்க முயலும் விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சில அணுக்கருக்கள் தாமாகவே சிதைகின்றன. அவற்றுள் பாதி சிதைவதற்கு ஆகும் காலத்தை அரையாயுள் என்கிறோம். பீங்கான் கலவையில் சேரும் பெல்ஸ்பாரில் பொட்டாசியம் உண்டு. அதில் சிறுபங்காக உள்ள பொட்டாசியம்-40இன் அரையாயுள் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். முதுகுன்றம் என்று பழம்பெயர் கொண்ட நம் ஊருக்கு ஏற்ற முதுமைதான்! ஆனால் விஞ்ஞானிகள் தேடும் சிதைவின் முன்னே இதுவும் கண்ணிமைக்கும் நேரமே.

நம் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீய அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு, வெள்ளீயம்-124 என்னும் வகையைச் சேர்ந்தவை. அதன் கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் புரோட்டான்களாக மாறக்கூடும். அப்போது இரண்டு எலெக்ட்ரான்களும் இரண்டு எதிர்நியூட்ரினோக்களும் வெளிப்பட வேண்டும். இத்தகைய இரட்டைச் சிதைவு வேறு சில தனிமங்களில் காணப்பட்டுள்ளது. ஆனால் நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றே என்றால், எலெக்ட்ரான்கள் மட்டுமே வெளிவரும் சிதைவும் நிகழலாம். அதைக் கண்டுவிட்டால், உலகில் பொருள் எஞ்சி நிற்பது ஏன் என்ற பெருங்கேள்விக்கு ஒரு வழி திறக்கும்.

அது எவ்வளவு அரியது? அதன் அரையாயுள் 1க்குப் பின் 26 சுழிகள் இட்ட ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் வெள்ளீயத்தில் ஆண்டுக்கு இரண்டே சிதைவுகள் நிகழும்! அவற்றைத் தவறவிடாமல் பிடிப்பது எங்ஙனம்?

முதல் வழி கடுங்குளிர். சிதைவின் ஆற்றல் உலோகத்தைச் சிறிது சூடாக்கும். சாதாரண வெப்பநிலையில் அது சுடுமணலில் விழுந்த தீப்பொறிபோல் மறைந்துபோகும். ஆனால் கடுங்குளிரில், வெப்பநிலை பாதியானால், படிக அடுக்கைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. வெள்ளீயமோ தனிச்சுழிக்கு மேல் 3.7 டிகிரியில் மீக்கடத்தியாகிவிடும். மேலும் குளிர்ந்தால் அதன் எலெக்ட்ரான்கள் வெப்பம் ஏற்பதும் ஏறத்தாழ நின்றுவிடும். இத்தாலியில் கிரான் சாஸோ மலையின் அடியில் நடக்கும் 'குவோரே' சோதனையில், 988 டெல்லூரியம் ஆக்ஸைடு படிகங்களைத் தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்களவுக்குக் குளிர்வித்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிதைவு நிகழ்ந்தால் வெப்பநிலை டிகிரியில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு உயரும். அதை அளந்துவிடலாம்.

இரண்டாவது வழி ஆழம். விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களை மலைப்பாறை தடுக்கிறது. ஆயினும் பாறையிலும் மண்ணிலும், ஏன், நம் தேநீர்க் கோப்பையிலும்கூட, நம்மைத் துன்புறுத்தாத அளவில் கதிரியக்கம் உண்டு. நமக்குச் சோறு போடும் பீங்கான் அந்தக் கருவிக்குப் பகை! ஆகவே சுற்றிலும் காரீயத்தால் அரண் அமைக்கிறார்கள். புதுக் காரீயத்திலும் சிறிது கதிரியக்கம் இருப்பதால், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலின் காரீயத்தை எடுத்து உட்புறம் வைத்தார்கள்.

இந்தத் துறை நம் நாட்டுக்குப் புதியதன்று. கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்தது. வெள்ளீயச் சோதனைக்கு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் 'டின்டின்' என்று பெயரிட்டு, குளிர்கருவி அமைத்துப் பூர்வாங்க வேலைகளை மேற்கொண்டனர். அதைத் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் அருகே மலைக்குள் நிறுவ எண்ணினர். அவ்விடத்து நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காட்டுக்கும் நீருக்கும் தீங்கு வருமென்று மக்கள் எதிர்த்தனர், மாநில அரசும் எதிர்த்தது, சுரங்கம் அகழப்படவில்லை. அறிவைத் தேடுவோரும் மலையடியில் வாழ்வோரும் ஒருவர் சொல்வதை ஒருவர் செவிமடுத்தாலன்றி இத்தகைய பணி நிறைவேறாது.

தேடும் சிதைவை இன்னும் யாரும் ஐயமறக் கண்டதில்லை. 2001இல் ஜெர்மேனியத்தில் அதைக் கண்டதாகச் சிலர் அறிவித்தனர்; 2013இல் வெளிவந்த வேறொரு சோதனையின் முடிவு அதற்கு இடந்தரவில்லை. எதையும் கேளாதபோது 'கேட்கவில்லை' என்று சொல்லும் நேர்மையும் விஞ்ஞானமே. அன்று அவசரப்பட்டு 'நல்லது' என்று சொன்னவன் நான். அந்த மெல்லோசை எழும் நாளில், இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து கேட்கும் செவிகள் உங்களுடையவையாக இருக்கட்டும்.