உங்களுக்குத் தெரியுமா? அறுபதில் மறுபடியும் சைக்கிள்

அவலூர்பேட்டைச் சந்தைக்கு ஒரு காலத்தில் சைக்கிள் மிதித்துப் போனவர், முழங்கால் வலிக்குப் பயந்து வண்டியைத் திண்ணையோரம் சாத்தியிருக்கிறாரா? பேட்டரி சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கிறாரா? இந்த வாரத் துணுக்குகள் அவருக்கு.

● பேட்டரி சைக்கிள் நேற்று முளைத்ததல்ல. பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் வைத்த சைக்கிளுக்கு அமெரிக்காவின் ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்றே காப்புரிமை பெற்றார். மிதிக்கும்போது மோட்டாரும் கூடவே தள்ளும் வகையை 1993இல் யமஹா விற்கத் தொடங்கியது.

● 1990களின் தொடக்கத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே ஓட்டினார்கள். குறுக்கே இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். இன்று அந்த பார்தான் வில்லன். பத்து வயதில் அதற்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டோம்; அறுபதில் அதற்கு மேலே காலைத் தூக்கிப் போட முடிவதில்லை. எனவே பார் தாழ்ந்த வண்டியாகப் பாருங்கள். ஆண்களுக்கும்தான். "லேடீஸ் வண்டியா?" என்று சிரிப்பவர் உங்கள் இடுப்புக்கு வைத்தியம் பார்க்கப் போவதில்லை.

● மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொடும்போதோ நீங்கள் மிதிப்பதை நிறுத்தும்போதோ அதன் உதவி நின்றுவிட்டால், சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். வரம்பைத் தாண்டும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. வண்டி வரம்புக்குள் இருப்பதற்கான சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

● சில வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் சென்சார் பார்க்கும். சுற்றியதும் 'வெடுக்'கென்று தள்ளும். சந்தைக் கூட்டத்தில் அது ஆபத்து. டார்க் சென்சார் உள்ள வண்டியோ, நீங்கள் அழுத்தும் அளவுக்கேற்பத் தள்ளும். விலை கூடுதல். என் கணக்கில், வேறெதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

● 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அடங்குவது 360 வாட்-அவர். முழுதாக சார்ஜ் ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வாட்-அவர் என்றால் 24 முதல் 36 கிலோமீட்டர் வரும். எதிர்காற்றும் கேரியரில் அரிசி மூட்டையும் இருந்தால் இன்னும் குறையும்.

● இங்கிலாந்தில் 50 முதல் 83 வயது வரை உள்ளவர்களை வாரம் மூன்று முறை, அரை மணி நேரம், எட்டு வாரம் சைக்கிள் ஓட்ட வைத்தார்கள். 2019இல் முடிவு வந்தது. சாதா சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சிந்தனைத் திறனில் கிடைத்த பயன், பேட்டரி சைக்கிள்காரர்களுக்கும் குறையவில்லை.

● வாங்கும் முன் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு தெரு மிதித்துப் பாருங்கள். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் வீடு வரை மிதிக்க வேண்டியது பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த அந்த எடையைத்தான்.