பள்ளிக்கு ஒதுக்கிய மனையில் பத்து மாடி: புணே வழக்கு உணர்த்துவது என்ன?

புது தில்லி: நகர வளர்ச்சித் திட்டத்தில் பள்ளி, பூங்கா, சாலை என ஒதுக்கப்பட்ட மனையில் வீடு கட்டிக்கொள்ள விதிவிலக்கு கேட்டு நில உரிமையாளர்கள் விண்ணப்பிப்பது நாடெங்கும் நடப்பதுதான். புணேயில் அப்படி எழுந்த ஒரு கோரிக்கை, மகாராஷ்டிர முதல்வரின் கையெழுத்தைப் பெற்று, கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்தில் போய் முடிந்தது. அந்த முதல்வர், பின்னாளில் மக்களவைத் தலைவர் பதவியை வகித்த சிவசேனையின் மனோகர் ஜோஷி.

புணே நகரின் வசதி படைத்தோர் வாழும் பகுதி பிரபாத் சாலை. அங்குள்ள 110-ஆம் எண் மனை, 1987-ஆம் ஆண்டின் வளர்ச்சித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கீட்டை நீக்குமாறு உரிமையாளர் தரப்பில் முன்பே முயற்சிகள் நடந்தும் பலன் கிட்டவில்லை. 1995 மார்ச் மாதத்தில் சிவசேனை - பாஜக கூட்டணி ஆட்சி அமைந்து ஜோஷி முதல்வரானார். அதன் பின்னர் மனையில் கட்டடம் எழுப்பும் பொறுப்பு ஜோஷியின் மருமகன் கிரீஷ் வியாஸிடம் வந்தது. முன்பு நகராத கோப்பு வேகமாக நகர்ந்தது. நகர வளர்ச்சித் துறையைத் தம் வசம் வைத்திருந்த முதல்வரின் ஒப்புதலுடன், 1996-இல் மாநில அரசு மாநகராட்சிக்கு உத்தரவு அனுப்பியது. பள்ளி வர வேண்டிய இடத்தில் பத்து மாடி அடுக்ககம் எழுந்தது. மனையில் ஏற்கெனவே குடியிருந்தோருக்குத் தனிக் கட்டடம் கட்டித் தரப்பட்டது.

சட்டம் காட்டிய வழி: இதில் கவனிக்க வேண்டியது, விதிவிலக்கு கேட்க சட்டத்தில் வழியே இல்லை என்பதல்ல. மகாராஷ்டிர மண்டல, நகர்த் திட்டச் சட்டம் 1966-இன் 37-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. திட்டத்தின் அடிப்படைத் தன்மை மாறாத அளவில் திருத்தம் செய்யலாம். ஆனால், அதற்கு அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். மாநகராட்சியின் பொதுக்குழு தீர்மானித்து, அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

பிரபாத் சாலை மனைக்கு இந்தப் பாதை பின்பற்றப்படவில்லை. மாறாக, ஒதுக்கீட்டைச் சற்றே இடம் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் மாநகராட்சி வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி ஒன்று துணைக்கு அழைக்கப்பட்டது. 200 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது என்கிறது அந்த விதி. மாற்றாகக் காட்டப்பட்ட நிலமோ, நகரின் விமான நிலையம் அமைந்துள்ள லோகேகாவ் பகுதியில் இருந்தது. பிரபாத் சாலைப் பகுதியின் ஏழைக் குழந்தை அங்கே நடந்து சென்று படிக்க முடியாது என்பதை அறிய நகரமைப்பு நிபுணர் தேவையில்லை. அதிகாரிகள் நிலையில் எழுந்த ஆட்சேபங்களும் கோப்பிலேயே பதிவாகியிருந்தன.

நீதிமன்றங்களின் தீர்ப்பு: நகரவாசிகள் இருவர் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தனர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1999 ஜனவரியில் ஜோஷி பதவி விலகினார். அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான தீர்ப்பு, அனுமதியை ரத்து செய்து, முதல்வரின் நடத்தையைக் கண்டித்ததுடன் குற்றவியல் விசாரணைக்கும் உத்தரவிட்டது. ஆனால், மேல்முறையீடு நிலுவையில் இருந்த காலத்தில் ஜோஷியின் அரசியல் வாழ்வு தடைபடவில்லை. 1999-இல் மக்களவை உறுப்பினராகி மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றார். 2002 முதல் 2004 வரை மக்களவைத் தலைவராக இருந்தார். 2006-இல் மாநிலங்களவைக்குச் சென்றார்.

2011 அக்டோபரில் நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், எச்.எல். கோகலே ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அனுமதி செல்லாது என்பதை உறுதி செய்தது. அடுக்ககத்தை மாநகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் அது இடிக்கப்பட வேண்டும் என்றது. குடியிருந்தோருக்காகக் கட்டப்பட்ட கட்டடம் மட்டும் தப்பியது. ஜோஷி மீதான கண்டனம் நிலைநிறுத்தப்பட்டது. குற்றவியல் விசாரணைக்கான உத்தரவு நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் காலமான ஜோஷியின் நீண்ட பொது வாழ்வில் அழியாத வடுவாக இவ்வழக்கு நிலைத்துவிட்டது.

தமிழகத்துக்கும் பொருந்தும்: இது மகாராஷ்டிரத்தின் தனிக்கதை அல்ல. தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 113-ஆவது பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதன்கீழ் சென்னையில் வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை எதிர்த்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதிகாரம் செல்லும், ஆனால் அது பயன்படுத்தப்பட்ட விதம் செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நில உரிமையாளர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒதுக்கீடு என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிவிட்டு, இழப்பீடும் தராமல், கட்டவும் விடாமல் ஆண்டுக்கணக்கில் முடக்கி வைப்பது அநீதி. ஆகவேதான் மகாராஷ்டிரச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு, 10 ஆண்டுகளுக்குள் நிலம் கையகப்படுத்தப்படாவிட்டால் நோட்டீஸ் அளிக்கும் உரிமையை உரிமையாளருக்கு வழங்குகிறது. அதன் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள் நடவடிக்கை இல்லையெனில் ஒதுக்கீடு காலாவதியாகும். தமிழகச் சட்டத்தின் 38-ஆவது பிரிவும் இத்தகைய பாதுகாப்பை அளிக்கிறது. சாமானியர் இந்த வாசல்களில் காத்திருக்கையில், செல்வாக்குள்ளவருக்குத் தலைமைச் செயலகத்தின் பின்கதவு திறப்பதுதான் பிரச்னை.

நகரமைப்பும் நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையும் உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளாக, 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் 12-ஆவது அட்டவணையில் இடம்பெற்றன. 1993-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மாநகராட்சி ஆணையரை நியமிப்பது மாநில அரசு. அவருக்கு உத்தரவு அனுப்புவதும் அதே அரசு. மாமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டியது ஓர் அமைச்சரின் கோப்பில் முடிந்துபோக இதுவே இடமளிக்கிறது. நில உபயோக மாற்றம் குறித்து நாளேடுகளில் சிறிய எழுத்தில் வெளிவரும் அறிவிப்பும், அதற்கு ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்குத் தரப்படும் அவகாசமும் வெறும் சடங்குகள் அல்ல என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

அரசு உத்தரவு பிறந்த 1996-இல் பிரபாத் சாலைப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தைக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது வயது 20-ஐத் தாண்டியிருக்கும்.