நாடகத் தயாரிப்பாளர் என்ன செய்கிறார்?

நாடகம் என்றதும் நடிகர், இயக்குநர் நினைவுக்கு வருவார்கள். தயாரிப்பாளர்? "பணம் போடுறவர்தானே!" என்று மாணவர்கள் சட்டெனச் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது, பணம் திரட்டுவது, கலைஞர்களைச் சேர்ப்பது, இடம் பிடிப்பது, நுழைவுச்சீட்டின் விலையை முடிவு செய்வது எல்லாமே அவர் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் ஜோசப் பாப் நல்ல சான்று.

இவர் 1921இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பொது நூலகத்தில்தான் ஷேக்ஸ்பியரைப் படித்தார். நூலகம் இலவசம் என்றால், நாடகம் மட்டும் ஏன் இலவசமாக இருக்கக்கூடாது? அவருடைய வாழ்நாள் உழைப்பு இந்தக் கேள்விக்கான பதில்தான். 1954இல் ஒரு தேவாலயத்தில் சிறு குழுவைத் தொடங்கினார். பிறகு லாரியில் மேடையோடு நகரின் பல பகுதிகளுக்கும் போனார். சென்ட்ரல் பூங்காவிலும் இலவசமாக நாடகம் போட்டார்.

1959இல் சிக்கல் வந்தது. புல்தரை பாழாகிறது, அதைப் பராமரிக்கப் பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்றார் பூங்காத்துறை ஆணையர் ராபர்ட் மோசஸ். அப்போது பாப்பின் குழுவுக்கும் பணத்தட்டுப்பாடுதான். 'சரி, வாங்கிக்கலாம்' என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 1962இல் அதே பூங்காவில் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கம் திறக்கப்பட்டது.

சரி, இலவசம்னா செலவுக்கு என்ன வழி? நன்கொடை கேட்டார், நகர நிர்வாகத்திடமும் கேட்டார். அதோடு, கட்டணம் வாங்கும் நாடகங்களையும் தயாரித்தார். 1975இல் அவரது பப்ளிக் தியேட்டரில் உருவான 'எ கோரஸ் லைன்' இசை நாடகம் பிராட்வேக்குச் சென்று, 1990 வரை 6,137 முறை மேடையேறியது. அந்த வருமானம் அவருடைய அமைப்பின் மற்றப் பணிகளைத் தாங்கியது. 1991இல் அவர் மறைந்தார். பூங்காவில் இலவச நாடகம் மட்டும் நிற்கவில்லை.

மாணவர்களே, கலை பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது 'கலை எல்லாருக்கும் பொது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அதற்கு யார் செலவு செய்வது, எப்படி என்றும் எழுதுங்கள், கருத்து வலுப்பெறும்.

ஆசிரியர்களே, அடுத்த பள்ளி நாடகத்தில் ஒரு மாணவரிடம் தயாரிப்பாளர் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். வரவு செலவு, இடம், அழைப்பிதழ் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். நடிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் நாடகத்தில் ஓர் இடம் கிடைக்கும்.