வயரிங் மாற்றும்போதே புகைக்கும் வழிவிடுங்கள்

நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் அடுப்புப் புகை ஓட்டு இடுக்கு வழியே வெளியேறிவிடும். கான்கிரீட் வீட்டில் அந்த வழி இல்லை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் ஜன்னலையும் அடைத்துவிட்டால், தென்னை மட்டையும் ரப்பர் விறகும் எரியும் புகை சமைப்பவரின் நெஞ்சுக்குள்தான் போகும். சுவரிலும் பூசணம் பிடிக்கும். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், பூசிய சுவரை மறுபடி உடைக்க வேண்டிவரும். இப்போது ஃபேன் வாங்கப் பணம் இல்லாவிட்டாலும், சமையலறைக்கும் குளியலறைக்கும் பைப், எர்த் வயர், தனி சுவிட்ச் போட்டுவையுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம்.

ஃபேனை அடுப்புப் பக்கச் சுவரின் உச்சியில், மழைச் சாரல் புகாத மூடியோடு பொருத்துங்கள். எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி வேண்டும். புகைபோக்கி உள்ள விறகடுப்பு எரியும்போது கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு ஃபேன் போட்டால், புகை உள்ளேயே திரும்பும்.

50 வாட் ஃபேன் தினம் 3 மணி நேரம் ஓடினாலும் மாதம் நாலரை யூனிட்தான் ஆகும்.