தண்ணீர் கடைசியில்! புதுச்சேரி வீட்டுப் புல்வெளிக்கு ஒரு வேலை வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை, லாஸ்பேட்டையிலோ ரெயின்போ நகரிலோ ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வாசலில் கொஞ்சம் புல்வெளி வைத்திருக்கும் வீடுகளில் முதலில் கேட்பது பெரும்பாலும் தண்ணீர்ச் சத்தம்தான். குழாயைத் திறந்து, ஹோஸை நீட்டி, புல்லை நன்றாக நனைத்துவிட்டு, "அண்ணே, இப்ப மெத்துன்னு இருக்கு, வெட்டிடுங்க" என்பார்கள் தோட்ட வேலைக்கு வந்தவரிடம். அவரும் தலையாட்டிவிட்டு மெஷினை இறக்குவார்.

நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த ஒரு காரியம், அன்றைய வேலை மொத்தத்தையும் கெடுத்துவிடும். நனைந்த புல் நிமிர்ந்து நிற்காது. பிளேடுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட துணுக்குகள் மெஷினின் வயிற்றில் களி மாதிரி அப்பிக்கொள்ளும். ஈர மண்ணில் சக்கரம் தடம் பதிக்கும். மெஷின் கரண்டில் ஓடுவதாக இருந்தால் இன்னும் மோசம். ஈரத் தரை, புல்லில் இழுபடும் ஒயர், வெறுங்கால் இந்த மூன்றும் ஒன்று சேரக் கூடாது. புல் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால், ஈரத்தில் புல் வெட்டுவது எல்லாக் காலத்திலும் தவறாக இருந்ததில்லை. புதுச்சேரி தாவரவியல் பூங்காவை பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது 1826-ல். அப்போது புல் வெட்டும் இயந்திரம் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. அதற்கு நான்கு வருடம் கழித்து, 1830-ல்தான் இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் அதற்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் பிசிறைச் சீராக நறுக்கும் மெஷினைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் நீண்ட கைப்பிடி அரிவாளை வீசித்தான் புல் வெட்டினார்கள். அதற்குப் பனி ஈரம் வேண்டும். ஈரப்புல்தான் அந்த அரிவாளுக்கு வாகாக அறுபடும். அதனால் விடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். கருவி மாறியதும் வரிசை தலைகீழானது. மெஷினுக்குக் காய்ந்த புல்தான் வேண்டும்.

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் போதும், மற்ற வேலைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். காய்ந்த நிலையில் செய்ய வேண்டியவை முதலில், ஈரம் கடைசியில். குப்பை போடும் வேலைகள் முதலில், அள்ளும் வேலை பிறகு.

மெஷினைத் துடைப்பதை எல்லோரும் கடைசி வேலையாகத்தான் நினைக்கிறார்கள். ஒரே ஆள், ஒரே மெஷினோடு காலையில் மூன்று, நான்கு வீடுகளுக்குப் போகிற நம் ஊரில் அதுதான் முதல் வேலை. போன வீட்டுப் புல்லில் பூஞ்சை நோய் இருந்திருந்தால், களை விதை இருந்திருந்தால், அது மெஷினின் அடியில் ஒட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கும் வந்துவிடும். கேட்டுக்கு வெளியிலேயே ஒரு பிரஷ்ஷால் தட்டித் துடைக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் பிளேடுக்குக் கிட்டே கை போக வேண்டும். அப்படியே பிளேடின் கூர்மையையும் பார்த்துவிடலாம். மொண்ணை பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். வெட்டிய இரண்டாம் நாள் புல்வெளி முழுக்க நுனி வெளுத்துப் பழுப்பாகத் தெரிந்தால், உரம் போதவில்லை என்று கடைக்கு ஓடாதீர்கள். பிளேடைச் சாணை பிடியுங்கள்.

அடுத்தது, சும்மா ஒரு நடை. புல்வெளியை ஒரு முறை சுற்றி வந்து கல், கம்பி, பாட்டில் மூடி, கொட்டாங்குச்சி, பிள்ளைகள் விட்டுப்போன பொம்மைச் சக்கரம் எல்லாவற்றையும் பொறுக்குவது. இதைத் தேவையில்லாத வேலை என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சுழலும் பிளேடிலோ பிரஷ் கட்டரின் நைலான் கயிற்றிலோ பட்ட ஒரு சின்ன ஜல்லி, கண்ணைப் பறிக்கும் வேகத்தில் தெறிக்கும். வெட்டுகிறவருக்கு ஒரு கண்ணாடியும் ஷூவும் வாங்கி வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்; அரை நாள் கூலிக்கு வருகிறவர் அதையும் சுமந்து வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேலை முடியும்வரை குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பிறகு, மேலே இருந்து கீழே. புதுச்சேரியில் மதில் இருக்கிற வீடு என்றால் காகிதப்பூச் செடி இருக்கும். வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களில் சரிந்து கிடக்கும் அந்தக் கொடிகளைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணியே இல்லை. படத்தில் தெரியாதது அதன் முள். புல்லை வெட்டிப் பெருக்கி முடித்த பிறகு 'இதையும் கொஞ்சம் கழிச்சு விட்டுடலாம்' என்று கொடியில் கை வைத்தால், முள் அத்தனையும் அப்போதுதான் சீராக வெட்டிய புல்லுக்குள் விழுந்து ஒளிந்துகொள்ளும். சாயங்காலம் வெறுங்காலோடு ஓடிவரும் பேரக் குழந்தைதான் அதைக் கண்டுபிடிக்கும். அதனால் வேலிச் செடி, கொடி, மரக்கிளை கழிப்பதெல்லாம் புல்லில் மெஷின் ஏறுவதற்கு முன்பே. கீழே ஒரு பழைய தார்ப்பாய் விரித்துவிட்டால் பாதிப் பெருக்கல் மிச்சம்.

களை எடுப்பதும் வெட்டுவதற்கு முன்புதான். இதில் கோரையின் கதை தனி. புல்லோடு சேர்த்துக் கோரையையும் மெஷினால் வெட்டிவிட்டால் எல்லாம் ஒரே பச்சையாக, சுத்தமாகத் தெரியும். மூன்று, நான்கு நாளில் கோரை மட்டும் புல்லை முந்திக்கொண்டு தலை நீட்டும். அதன் உயிர் இலையில் இல்லை, மண்ணுக்கு அடியில் கோத்த மணி மாதிரி தொடர்ந்து ஓடும் கிழங்குகளில் இருக்கிறது. இலையைப் பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும். கிழங்கு 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று உள்ளேயே தங்கிவிடும். களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு மண் இளகியிருக்க வேண்டுமே, தண்ணீர்தான் கடைசி ஆயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முந்தைய நாள் காலையிலேயே தண்ணீர் பாய்ச்சிவிடுவதுதான் வழி. மறுநாள் மண்ணுக்குள் ஈரம் இருக்கும், புல்லின் மேல் இருக்காது.

ஓரமா, நடுவா... எது முதலில்?

தோட்டக்காரர்கள் முடிவே இல்லாமல் வாதாடும் விஷயம் இது. பாதையோரம், மரத்தடி, சுவரோரம் என மெஷின் போக முடியாத இடங்களை டிரிம்மரால் முதலில் வெட்டுவதா, அல்லது நடுவில் மெஷின் ஓட்டிய பிறகா?

ஓரத்தை முதலில் வெட்டினால், அங்கிருந்து சிதறும் துணுக்குகளை அடுத்து வரும் மெஷினே பையில் அள்ளிக்கொள்ளும். ஒரு முறை பெருக்குவது மிச்சம். நடுவை முதலில் வெட்டினால், எவ்வளவு உயரத்துக்கு ஓரத்தை வெட்ட வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டுமே சரியான காரணங்கள். புல் சேரும் பை பொருத்திய மெஷினும், கை பழகிய ஆளும் இருந்தால் ஓரம் முதலில் என்பதே நல்லது. டிரிம்மரைப் புதிதாகப் பிடிப்பவர் என்றால் மெஷின் முதலில் ஓடட்டும். உயரம் தெரியாமல் ஓரத்தை மொட்டையடித்துவிட்டால் அங்கே மண் தெரியும். மண் தெரிந்த இடத்துக்குக் கோரை வந்து குடியேறும். டிரிம்மர் கயிறு மரப்பட்டையில் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இளம் மரத்தின் பட்டை சுற்றிலும் அறுபட்டால் மரமே பட்டுப்போகும்.

வெட்டும்போது ஒரே கணக்கு: இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒரு மாதம் விட்டுவிட்டு வந்து ஒரேயடியாகத் தரையோடு வழித்தால் பச்சை முழுக்கப் போய் வைக்கோல்தான் மிஞ்சும். வெயில் காலத்தில் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மண்ணுக்கு அதுவே நிழல். மர நிழலில் வளரும் புல்லுக்கும் அப்படியே. துணுக்குகள் சிறியதாக, காய்ந்ததாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம், மக்கி உரமாகும். மழைக்காலத்தில் மட்டும் அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை.

பெருக்கி முடித்த பிறகுதான் உரம். உரம் போட்டுவிட்டுப் பெருக்கினால் காசைப் பெருக்கித் தள்ளுவதாகத்தான் அர்த்தம். யூரியா என்றால் 1,000 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ என்பது உச்சவரம்பு. அரை கிலோவே தாராளம். காய்ந்த புல்லின் மேல் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈரப் புல்லில் தூவினால் குருணைகள் இலையிலேயே ஒட்டிக் கரைந்து, அந்தந்த இடம் கருகும்.

இப்போது தண்ணீர்

1,000 சதுர அடியில் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட ஏறக்குறைய 930 லிட்டர் வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட காலி! கடலோரம் போர் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வரும் ஊரில் இது விளையாட்டான கணக்கு இல்லை. இதைச் சொல்லும்போது பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம் நினைவுக்கு வராமல் போகாது. ஊருக்குக் குளம் வெட்டத் தன் வீட்டையே இடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆயியின் பெயரில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது அது. தண்ணீருக்காகக் கட்டிய மண்டபத்தைச் சுற்றித்தான் இன்று புல்வெளி.

தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு முறை ஆழமாக நனைவதுதான் புல்லுக்கு நல்லது. கடலோர மணல் மண்ணில் இன்னும் ஒரு முறை சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் அங்கே நிற்காது. ஒரு டிபன் பாக்ஸைப் புல்லின் நடுவில் வைத்துவிட்டு ஸ்பிரிங்க்ளரைத் திறந்தால், எவ்வளவு விழுந்தது என்பதை ஸ்கேலால் அளந்துவிடலாம். நேரம், விடிகாலை. இரவில் நனைந்து கிடந்தால் நோய் வரும். மதியம் விட்டால் பாதி ஆவியாகும்.

விடிகாலையில் தண்ணீர் என்றால், காய்ந்த புல்லை எப்போது வெட்டுவது? சித்திரை, வைகாசியில் வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் நாள் மாலை வெயில் தாழ்ந்ததும் களை, கிளை, வெட்டு, பெருக்கல். மறுநாள் விடிந்ததும் உரமும் தண்ணீரும். மார்கழி, தையில் கணக்கு வேறு. விடிகாலைப் பனி புல்லை நனைத்து வைத்திருக்கும். அது காய ஒன்பது மணியாவது ஆகும். ஆறு மணிக்கே வந்து நிற்பவருக்கு ஒரு டீ கொடுத்து, காகிதப்பூக் கொடியைக் கழிக்கும் வேலையை முதலில் கொடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை செய்கிற பெரிய பராமரிப்புக்கும் இதே வரிசைதான், நடுவில் இரண்டு வேலைகள் கூடுதல். வெட்டிப் பெருக்கிய பிறகு, இறுகிய மண்ணில் முள்கரண்டியால் துளை போடுவது. அதன் மேல் சலித்த மண்ணும் மக்கிய எருவும் கலந்து, புல் நுனி வெளியே தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தூவுவது. ஆடி, ஆவணி மாலை மழை இதற்கு நல்ல துணை. மண்ணைச் சலிக்காமல் கொட்டினால் லாரியில் வந்த கோரைக் கிழங்கையும் சேர்த்து விதைத்ததாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வரிசை முழுவதையும் மூட்டை கட்டி வைத்துவிடலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது பலருக்கும் மறந்திருக்காது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு முதல் வேலை, தேங்கிய தண்ணீர் வடிய ஒரு வழி. அடுத்து, ஓரத்தில் நின்றபடியே கைக்கு எட்டும் கிளைகளை இழுத்துப் போடுவது. புல்லின் மேல் படிந்த சேறு காய்ந்ததும் தென்னை விளக்குமாற்றால் லேசாகத் தள்ளிவிடுவது. உரம் வேண்டாம், அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். மெஷினும் வேண்டாம், புல் முழங்காலைத் தொட்டாலும் சரி. மிதித்தால் கால் தடம் பதியாத அளவுக்கு மண் இறுகிய பிறகு, முதல் வெட்டை உயரமாக வெட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி இறக்கி வெட்டலாம்.