கடனட்டைக் கட்டணங்கள்: கேட்டால்தான் குறையும்

புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், பெருநாள் சரக்கு எடுப்பதற்காக இஸ்லாமிய வங்கிப் பிரிவொன்றில் முராபஹா வசதி கேட்டார். கணக்கு நல்லபடி இருந்தும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், வேறொரு வங்கியில் அவர் எப்போதோ பெற்றிருந்த கடனட்டை. தேவையில்லை என்று அதனை வெட்டி எறிந்தவர், வங்கிக்கு எழுத்தில் அறிவிக்கவில்லை. வருடாந்தக் கட்டணம் விழுந்தது. அது கட்டப்படாததால் தாமதக் கட்டணம். இரண்டுக்கும் சேர்த்து வட்டி. மாதாந்தக் கூற்றுகளோ பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இறுதியில் 'கிரிப்' என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தில் அவர் கடன் செலுத்தத் தவறியவராகப் பதிவாகியிருந்தார்.

சில ஆயிரம் ரூபா கட்டணம், ஒரு பருவ வியாபாரத்தையே கெடுத்துவிட்டது. இத்தகைய நிலை நமக்கு ஏற்படாதிருக்க என்ன செய்யலாம் என்பதைச் சற்று நோக்குவோம்.

கூற்றை வாசியுங்கள்

நம்மில் பலர் கூற்றில் 'ஆகக் குறைந்த கொடுப்பனவு' என்ற இலக்கத்தை மட்டுமே பார்க்கிறோம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்கான உச்ச வட்டியை ஆண்டுக்கு 28 வீதமாக நிர்ணயித்தது. இந்த வீதத்தில் 1 இலட்சம் ரூபா நிலுவைக்கு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 2,333 ரூபா. நீங்கள் 5,000 ரூபா கட்டினால் கடனில் குறைவது 2,667 ரூபாதான். முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டினால் கொள்வனவுகளுக்கு வட்டியே இல்லை. வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இதுவே வழி. ஆனால் அட்டையால் காசு எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. கட்டணமும் உண்டு, அன்றிலிருந்தே வட்டியும் ஓடும்.

கேட்கத் தயங்க வேண்டாம்

பொருள் வாங்கும்போது பேரம் பேசும் நாம் வங்கியிடம் மட்டும் மௌனமாகி விடுகிறோம். வருடாந்தக் கட்டணம் விழுந்தவுடன் வங்கியை அழைத்து, "இவ்வளவு காலம் ஒழுங்காகக் கட்டிவரும் வாடிக்கையாளர் நான். இதனை நீக்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். வருடத்தில் குறிப்பிட்ட தொகைக்கு அட்டையைப் பயன்படுத்தியவர்களுக்குப் பல வங்கிகள் இதனை விட்டுக்கொடுக்கின்றன. முதற் தடவை தவறிய தாமதக் கட்டணமும் அப்படியே. கோபப்பட்டுப் பேசுவதில் பயனில்லை. பேசிய அதிகாரியின் பெயர், திகதி, முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த கூற்றில் தொகை திரும்ப வந்துள்ளதா என்றும் பாருங்கள்.

நீங்கள் செய்யாத கொள்வனவு

அறியாத கொடுக்கல் வாங்கல் ஒன்று கூற்றில் இருந்தால் உடனே அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அன்றே எழுத்திலும் அறிவியுங்கள். ஆட்சேபிப்பதற்குக் கால எல்லை உண்டு; அது அட்டையின் நிபந்தனைகளில் இருக்கும். பிணக்கில்லாத மீதித் தொகையை வழமைபோல் கட்டிவிட வேண்டும். முழுவதையும் நிறுத்திவைத்தால் தவறு உங்கள் பக்கம் திரும்பிவிடும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

வங்கி செவிசாய்க்காவிட்டால்

கிளை முகாமையாளர், பின்னர் தலைமையகத்தின் முறைப்பாட்டுப் பிரிவு என்ற ஒழுங்கில் எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் தீர்வில்லையேல் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதி ஒம்பட்ஸ்மனிடமும் செல்லலாம். எங்கு சென்றாலும் முதலில் கேட்கப்படுவது, வங்கிக்கு எழுதிய கடிதமும் அதற்குக் கிடைத்த பதிலுமே. எனவே பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் அட்டை ஏற்போருக்கு

அட்டையால் செலுத்தும் வாடிக்கையாளரிடம் 2 அல்லது 3 வீதம் மேலதிகமாக அறவிடுவது வங்கியுடன் நீங்கள் செய்துள்ள ஒப்பந்தத்துக்கு முரணானது. அவர் முறையிட்டால் இயந்திரத்தை இழக்கவும் நேரிடலாம். அக்கட்டணம் அதிகமெனில் அதனையும் வங்கியிடமே பேசிக் குறைக்க முயலுங்கள்.

அட்டையை மூடும்போது

வெட்டி எறிவது மூடுவதாகாது. அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொலைபேசி, காப்புறுதிக் கட்டணங்களை முதலில் மாற்றுங்கள். நிலுவையைத் தீர்த்து, எழுத்தில் அறிவித்து, நிலுவை ஏதுமில்லை என்ற கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். சில மாதங்களின் பின் கிரிப் அறிக்கையையும் நீங்களே விண்ணப்பித்துப் பெற்றுச் சரிபாருங்கள்.

நமது நண்பர் நிலுவையைக் கட்டி அக்கடிதத்தைப் பெற்றுவிட்டார். ஆனால் அந்தப் பெருநாள் வியாபாரம் போனது போனதுதான்.