தண்டனை நஷ்டஈடு என்றால் என்ன?

நஷ்டஈடு நமக்குப் புதிதல்ல. மூட்டையில் எடை குறைந்தால் குறைந்த எடைக்குரிய பணம். வழியில் எண்ணெய் டின் உடைந்தால் டின்னின் விலை. பட்ட நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்குக்கு மேல், தவறு செய்தவருக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகவே நீதிமன்றம் விதிக்கும் தொகை ஒன்று உண்டு. அதுவே தண்டனை நஷ்டஈடு.

அமெரிக்காவில் 1994-ல் தீர்ப்பான மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கைப் பலர் வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள். விவரம் தெரிந்தால் சிரிப்பு வராது. ஆல்புகர்க்கி நகரில் 1992-ல் 79 வயது மூதாட்டி ஒருவர் 49 சென்ட் கொடுத்துக் காபி வாங்கினார். நின்றிருந்த காரில் அமர்ந்து மூடியைத் திறக்கும்போது காபி மடியில் கொட்டிவிட்டது. கம்பெனியின் விதிப்படியே அந்தக் காபியின் சூடு 82 முதல் 88 டிகிரி செல்சியஸ்! தொடை வெந்து, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். அவர் கேட்டது 20,000 டாலர். கம்பெனி தர முன்வந்தது 800 டாலர்.

விசாரணையில் வெளிவந்ததுதான் முக்கியம். முந்தைய பத்தாண்டுகளில் 700-க்கு மேற்பட்டோர் இதே காபியால் வெந்ததாகப் புகார் செய்திருந்தனர். விற்ற கோப்பைகளின் எண்ணிக்கைக்கு இது சொற்பம் என்று கம்பெனித் தரப்பில் சாட்சி கூறப்பட்டது. நம் கடையில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் 'பருப்பில் கல்' என்றால் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுவோம். அதே தெருவில் நாளையும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே! தூரத்தில் இருக்கும் பெரிய கம்பெனிக்கு அந்தக் கூச்சம் இல்லை. புகார்தாரருக்குச் சில்லறை கொடுப்பதும் அதற்கு ஒரு செலவுக் கணக்குதான்.

ஜூரிகள் நஷ்டத்தை 2 லட்சம் டாலர் என மதிப்பிட்டு, மூதாட்டியின் கவனக்குறைவுக்கு 20 சதவீதம் கழித்து, 1,60,000 டாலர் என்றார்கள். அதோடு தண்டனை நஷ்டஈடு 27 லட்சம் டாலர்! இது ஏறக்குறைய அந்தக் கம்பெனியின் இரண்டு நாள் காபி விற்பனை. புண்ணை அளந்து வந்த தொகையல்ல, கல்லாவை அளந்து வந்த தொகை. நீதிபதி இதை 4,80,000 டாலராக, அதாவது நஷ்டத்தின் மூன்று மடங்காகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் சமரசமாகிவிட்டன.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் உண்டு. 1985 டில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், நிறுவனம் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப நஷ்டஈடும் பெரிதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் கூறியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தின் மூலம் தண்டனை நஷ்டஈடு விதிக்கும் அதிகாரம் மாவட்ட மன்றங்களுக்குக் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது.

இதைக் கம்பெனிகளின் கவலை என்று நம்மவர்கள் விட்டுவிடக் கூடாது. அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, குறையுள்ள சரக்கைத் தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பு. சரக்கில் நாம் ஏதாவது மாற்றம் செய்து, முக்கியமாக அதனாலேயே கெடுதல் நேர்ந்தாலும் அப்படியே. பெயரில்லாத பாக்கெட்டும் பில் இல்லாத டின்னும் இரண்டு ரூபாய் மலிவாக வரலாம். தயாரிப்பாளரின் பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று சரக்கை இறக்கும்போதே பார்த்து, கொள்முதல் பில்லைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்துவிடுங்கள்.